பொத்தல் இல்லாத பந்து

14 அக்டோபர் 2024, திங்கள்

புதுப் பந்து இன்று என் மேசைக்கு வந்தது. கால்ஃப் பந்து என்றால் கல்லு மாதிரி இருக்கும் என்று பழகிய கை, இதைத் தொட்டதும் கொஞ்சம் திகைத்துப் போனது. கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக உள்வாங்குகிறது. அவித்து உரித்த முட்டைதான்.

எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் செம்மல் சார் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார். பொன்னமராவதிக்காரர். வாயைத் திறந்தால் மீட்டிங்தான். "பெரிய பிளேயருங்க பந்துக்குத்தான் இதுவரைக்கும் யூரித்தேன்கிற மெத்துத் தோல் போட்டாங்க. இது ஞாயித்துக்கெழமை மட்டும் ஆடுற சாதாரண ஆளுங்களுக்கு. அவங்க அடியில வேகம் இருக்காது. மெதுவா தட்டுனாலும் பூ மாதிரி எந்திரிச்சுப் போகணும்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். எங்களில் ஒருத்தர்கூட அந்த ஆட்டத்தை நேரில் பார்த்ததில்லை.

பந்துக்குத் தோல் போடுவது என் வீட்டுக்காரர் ஜெரால்டின் அறையில். இரண்டு திரவத்தைக் கலந்து, அச்சுக் கிண்ணத்தில் ஊற்றி, நடுவில் ரப்பர் உருண்டையை இறக்கி மூட வேண்டும். கலவைக்கு அவர் இன்சார்ஜ். குளத்தூரிலிருந்து வரும் காவ்யா அவருக்கு உதவி. டிப்ளமோ முடித்து நேராக இங்கே வந்தவள். அவர்கள் செய்து அனுப்புவதில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. வீட்டிலும் எனக்கு அதே வேலைதான் என்று ஜெரால்டு ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

17 அக்டோபர்

சாப்பாட்டு நேரத்தில் ஜெரால்டு போனில் கால்ஃப் போட்டுக் காட்டினார். தொப்பை வைத்த ஒரு ஆள் ஓங்கி அடிக்கிறார், பந்து நேராகக் குளத்துக்குள் போகிறது, அவரே சிரிக்கிறார். பையிலிருந்து இன்னொன்றை எடுத்து வைக்கிறார்.

"ஏன்க்கா, தொலைக்கிறதுக்குன்னேவா நம்ம செய்யிறோம்?" என்றாள் காவ்யா.

"தொலைச்சாத்தான்டி நமக்கு வேலை" என்றேன். ஜெரால்டு புரையேறச் சிரித்தார்.

4 நவம்பர்

அடை மழை. வேன் தண்ணீரில் நீந்தித்தான் கம்பெனிக்குப் போனது.

பந்தில் பொத்தல் விழ ஆரம்பித்துவிட்டது. ஊசி குத்தியது போல, லைட்டுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். காற்றில் ஈரம் இருந்தால் கலவைக்குள் குமிழி வந்துவிடுகிறதாம். மதியத்துக்குள் என் ரிஜெக்ட் தட்டு நிரம்பி, கீழே சாக்கில் கொட்டினேன்.

7 நவம்பர்

செம்மல் சார் மேசைக்கே வந்துவிட்டார். "ஏம்மா ஷர்லி, வாங்குறவன் என்ன மைக்ராஸ்கோப் வச்சா பார்க்கப் போறான்?"

"அப்ப எனக்கு எதுக்கு சார் இவ்ளோ பெரிய லைட்டு?" என்று கேட்டேன்.

முறைத்துவிட்டுப் போனார். போகட்டும். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வராது.

9 நவம்பர், சனி

கலவை அறையின் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திவிட்டார்கள். ஃபேன் உள்காற்றை வெளியே தள்ளத் தள்ள, கதவிடுக்கு வழியாக மழைக்காற்று உள்ளே வருகிறதாம். ஃபேன் இருந்த ஓட்டையைத் தகரத்தால் மூடி, சுற்றிலும் டேப் ஒட்டி, கதவையும் சாத்திவிட்டார்கள். உள்ளே ஏசி மட்டும்.

சாயங்காலம் வந்த தட்டில் ஒரு பொத்தல்கூட இல்லை. கேக் வெட்டினோம். "இந்தப் பொம்பள கண்ணு இல்லாட்டி நாம வெளங்கியிருக்க மாட்டோம்" என்று சார் எல்லோர் முன்னாலும் சொன்னார். பெருமையாகத்தான் இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

28 நவம்பர்

ஜெரால்டுக்கு இருமல். மழைக்காலம்தானே.

14 டிசம்பர்

நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தாயிற்று. மிளகு ரசம், தூதுவளைத் துவையல், பாட்டில் மருந்து எல்லாம் ஆயிற்று. நெஞ்சில் விசில் சத்தம் கேட்கிறது. பூனைக்குட்டி உள்ளே இருக்கிறது என்று அவரே கேலி செய்கிறார்.

26 டிசம்பர்

கிறிஸ்மஸுக்குக் கம்பெனி லீவு. இருமல் போன இடம் தெரியவில்லை. திருப்பலியில் அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. பெரிய வெள்ளிக்கிழமை பாடுகளின் பிரசங்கத்தை ராகம் போட்டு வாசிப்பது ஆவூர்ப் பக்கத்தில் எங்கள் கோயிலில் இவர்தான். சேசு சிலுவையில் உயிர்விடும் இடத்தை ஒரே மூச்சில் வாசிப்பார். மூச்சு எங்கேயாவது அறுந்தால் கூட்டத்தின் அழுகையும் அறுந்துவிடும் என்பார். நான் அழாத கட்டை. அந்த இடத்தில் நானே அழுதிருக்கிறேன்.

2 ஜனவரி 2025

இன்று வேலைக்குப் போனார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் இருமல்.

13 ஜனவரி

கவனித்துக்கொண்டே வருகிறேன். ஞாயிறு சாயங்காலம் நன்றாக இருக்கிறார். திங்கள் சாயங்காலம் இழுக்கிறது. வெறும் சளி என்றால், அதற்கு லீவு நாள் எப்படித் தெரியும்?

கேட்டால், "மார்கழிப் பனி. நீ எதையாவது கண்டுபிடிக்காத" என்கிறார். நான் கண்டுபிடித்துவிட்டேன். அதுதான் பயமாக இருக்கிறது.

18 ஜனவரி

திருச்சியில் நெஞ்சு டாக்டரிடம் காட்டினோம். என்ன வேலை என்றுதான் முதலில் கேட்டார். சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"கலவையிலருந்து வர்ற கெமிக்கல் ஆவிய ஒடம்பு எதிரின்னு முடிவு பண்ணிருச்சு. இனிமே கொஞ்சூண்டு போதும், மூச்சுக் கொழாய் சுருங்கிரும். இன்ஹேலர் எழுதித் தர்றேன். ஆனா அந்த ரூமுக்குள்ள போகவே கூடாது."

பஸ் கீரனூர் தாண்டியதும், "சாரிட்ட பேசுறேன்" என்றார்.

20 ஜனவரி

பேசினார். செம்மல் சார் சொன்ன பதில்: "ஏப்ரல்ல ஷிப்மென்ட் போயிரட்டும் ஜெரால்டு. பேக்கிங்குக்கு மாத்தித் தர்றேன். இப்ப ஒன்னைய விட்டா ஆள் இல்ல." இவரும் சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஒன்னைய விட்டா ஆள் இல்ல — அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கிவிட்டார்.

எனக்கும் ஒன்னைய விட்டா ஆள் இல்லை என்று கத்தினேன்.

5 மார்ச், சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு வந்து உட்கார்ந்து, மெதுவாகச் சொல்கிறார்: "எல்லாரும் கறி மீனை விடுறாங்க. நான் இந்த இருமலை ஒப்புக்கொடுத்துர்றேன் ஷர்லி. தவக்காலம் முடிய ஷிப்மென்ட்டும் முடிஞ்சிரும். பெரிய வெள்ளிக்கு மாதா கொரலைத் திருப்பிக் குடுத்துருவா."

இன்ஹேலரை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். தாங்க முடியாதபோது மட்டும் எடுப்பாராம். அதுவும் தவமாம்.

வயிறு எரியுது. எந்தச் சாமி இவரு நெஞ்சைக் கேட்டுச்சு? உபவாசம் இருன்னா இரு, நடந்து போன்னா போ. மூச்சை எதுக்குய்யா குடுக்குற? அதை ஆண்டவருதான குடுத்தாரு? — சொன்னேன், எல்லாம் சொன்னேன். "வாயை வச்சுப் பாவம் சேர்க்காத" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். சாமியோடு ஒப்பந்தம் போட்டுவிட்ட மனுஷனிடம் யார் பேசுவது?

10 மார்ச்

நானே செம்மல் சாரைப் பார்த்தேன். மழை போய் மாசக்கணக்காகிறதே, ஃபேனைத் திறந்தால் என்ன என்றேன். உள்ளே இருக்கிறவர்களுக்குக் காற்றாவது வரட்டும்.

யோசித்தார். "சரி. இன்னைக்கே தெறக்கச் சொல்றேன். ரிஜெக்ட் வராத வரைக்கும் தெறந்தே இருக்கட்டும். வந்துச்சுன்னா அன்னைக்கே மூடிருவேன். அப்புறம் எங்கிட்ட வரக்கூடாது."

டேப்பைப் பிய்க்கும் சத்தம் என் மேசை வரைக்கும் கேட்டது. நன்றாக இருந்தது.

12 மார்ச்

மாசியில் போய் மழை! நேற்றும் இன்றும்.

காலையில் முதல் தட்டு. மூன்றாவது பந்திலேயே பொத்தல். லைட்டுக்குக் கீழே பிடித்துக்கொண்டே இருந்தேன். ரிஜெக்டில் போட்டால் மதியம் தகரம் வந்துவிடும்.

நல்ல தட்டில் வைத்தேன். அடுத்ததையும். தட்டுக்கு மேலே என் முத்திரை.

16 மார்ச், ஞாயிறு

இந்த வாரம் அவருக்குப் பரவாயில்லை. இழுப்பு இருக்கிறது, ஆனால் இரண்டு தலையணையைச் சாய்த்து வைத்துத் தூங்குகிறார். காவ்யா, "ரூமுக்குள்ள தல கிறுகிறுப்பு இல்லக்கா இப்ப" என்றாள். அவளுக்குக் கிறுகிறுப்பு இருந்ததே எனக்குத் தெரியாது.

எவனோ குளத்தில் போடப் போகிற பந்து. பொத்தல் இருந்தால் மீன் வந்து புகார் சொல்லுமா?

3 ஏப்ரல்

சொன்னது. வாங்குகிறவர்களின் ஆள் சென்னையிலிருந்து வந்து பெட்டியைப் பிரித்தார். அவரிடமும் லைட் இருந்தது. பொத்தல் விழுந்த இடத்தில் இரண்டு தடவை அடித்தாலே தோல் கிழிந்துவிடுகிறதாம்.

கலவை சரியில்லையா என்று எல்லோர் கண்ணும் ஜெரால்டு மேல் திரும்பியது. அவர் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "கலவை மேல குத்தமில்ல. பொத்தல் இருந்துச்சு, நான்தான் பார்த்துட்டு விட்டேன்" என்றேன்.

செம்மல் சார் கத்தவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். என் லைட்டை அவரே அணைத்துவிட்டு, "நாளையிலருந்து வர வேணாம்மா" என்றார். நான் வேனுக்குக் காத்திருந்தபோது ஃபேனை மறுபடி அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

5 ஏப்ரல்

ஜெரால்டு இன்றுதான் கேட்டார்.

"எனக்காகத்தான?"

"வேற யாருக்காக?"

"இப்ப அவ்வளவையும் திரும்ப ஊத்தணும். நான்தான் ஊத்தணும்."

காலில் விழாத குறையாகச் சொன்னேன். கம்பெனி நாசமாய்ப் போகட்டும், பந்து நாசமாய்ப் போகட்டும், நீங்க போகாதீங்க. "நீ விட்டதை நான் சரி பண்ணலைன்னா ரெண்டு பேருக்கும் பேரு கெட்டுரும். பரிசுத்த வாரம் தொடங்குறதுக்குள்ள முடிச்சிருவேன்" என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னார்.

15 ஏப்ரல், செவ்வாய்

முடியவில்லை. பரிசுத்த வாரம் பொறந்தும் ஊத்திக்கிட்டிருந்தவரு, இன்று மத்தியானம் ரூமுக்குள்ளேயே விழுந்துட்டாரு. காவ்யாதான் ரெண்டு கையையும் பிடிச்சு வெளிய இழுத்துப் போட்டிருக்கா. ஒதடு நீலமா இருந்துச்சாம்.

பெரியாஸ்பத்திரி. உள்ளே விடவில்லை. இன்ஹேலர் மாதா படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கு. வீட்லயே இருக்கு.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஆக்சிஜன் மாஸ்க் எடுக்கவில்லை. உயிர் இருக்கிறது, அதற்கு நன்றி. ஆனால் நான்கு வார்த்தை பேசினால் அடுத்த நான்குக்குக் காத்திருக்க வேண்டும். இனி இப்படித்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். "கொஞ்சம் தேறுவாரு. பழைய மாதிரின்னு சொல்ல முடியாது" என்றார்.

கோயிலில் இந்த வருஷம் உபதேசியார் அருள்தாஸ் வாசித்தார். அங்கே ஒரு போனைப் பலிபீடத்துப் பக்கம் வைக்கச் சொல்லியிருந்தேன். என் போனை இவர் காதோரம் பிடித்துக்கொண்டேன். பாவம் அருள்தாஸ், அந்த இடம் வந்தபோது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார். இவர் மாஸ்க்குக்குள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நிறுத்தவில்லை. சத்தம்தான் இல்லை.

யாரும் அழுத சத்தம் போனில் கேட்கவில்லை. நான் அழுதேன்.

9 மே, வெள்ளி

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம். ஊதுபத்தி ஆகாது, தாளிக்கிற நெடி ஆகாது. அடுப்பைக் கொல்லைப்பக்கம் மாற்றிவிட்டேன். கம்பெனி கேட் பக்கம்கூடப் போகக்கூடாது என்பதால் பேக்கிங் வேலையும் இல்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கேலி செய்கிறார், பாதியில் நின்றுவிடுகிறது. மீதியை நான் சிரித்து முடிக்கிறேன்.

செம்மல் சார் இன்று வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ், கூடவே எங்கள் பந்து வைத்த ஒரு அழகான டப்பா. ஷிப்மென்ட் போய்ச் சேர்ந்துவிட்டதாம், வாங்கினவர்களுக்கு ரொம்பத் திருப்தியாம். "ஒங்க ரெண்டு பேரு ஒழைப்பும் இதுல இருக்கு" என்றார். ஜெரால்டு பந்தை எடுத்து அழுத்திப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

சார் போனதும் பழக்க தோஷத்தில் ஒரு பந்தை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டப்பாவில் இருந்த எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றில்கூடப் பொத்தல் இல்லை.

கொல்லைப்பக்கம் போய்க் காவ்யாவுக்குப் போன் போட்டேன். கலவை இப்போது யார் ஊற்றுகிறார்கள் என்று கேட்டேன்.

"நான்தான்க்கா. இன்சார்ஜ் ஆக்கிட்டாங்க! அண்ணே எப்படி இருக்காரு?" கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. போனைத் தள்ளிப் பிடித்து இருமிவிட்டு வந்தாள்.

"எத்தனை நாளாடி இது?"

"ஏசிக் குளிருதான்க்கா. ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கெழமை ஆனா தானா சரியாயிருது."