நுனி இல்லாத பெரணி

என்னங்க,

சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

இன்று ஆய்வுக்காக மறுபடியும் சதுப்புக்குப் போனேன், நீங்கள் சாலை போடப்போகும் அதே இடத்துக்கு. பெரணிகள் என் தலைக்கு மேலே வளர்ந்து நிற்கின்றன. ஆனால் பதினோரு இலைகளுக்கு நுனியைக் காணோம். மாடு கடித்திருந்தால் நார்நாராகப் பிய்ந்திருக்கும். இது கத்தி வெட்டு.

"நேத்து சார் வந்தாரே, நீங்கதான் அனுப்பினதா சொன்னாரு" என்றார் காவல்காரர். நானும் ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.

போன வாரம் சாப்பிடும்போது உளறிக்கொட்டியது நான்தான். சாதாரண ரகத்துக்கு இலையின் அடிப்பக்கம் முழுக்கப் பழுப்பு வித்துத்தூள் அப்பியிருக்கும், அரிய ரகத்துக்கு நுனிச் சிற்றிலைகளில் மட்டும்தான் இருக்கும் என்றேன். அரிய ரகம் இருந்தால் அங்கே சாலைக்கு அனுமதி கிடைக்காது என்றும் சொன்னேன்.

"அந்த நுனியே இல்லேன்னா?" என்று கேட்டீர்கள்.

"அப்ப யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது" என்று சிரித்தேன்.

தப்பாகச் சொல்லிவிட்டேன். நுனி போன அந்த இலைகளின் மிச்சத்தைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் பச்சைப்பசேலென்று சுத்தமாக இருக்கிறது. சாதாரண ரகமாக இருந்திருந்தால் உங்களுக்குக் கத்தியே தேவைப்பட்டிருக்காது.

நேற்று அழுக்குக் கூடையில் போட்ட சட்டையின் பைக்குள் பழுப்புத் தூள் இருக்கிறது. கத்தியை அதில்தான் வைத்திருந்தீர்கள் போலிருக்கிறது.

நாளை காலை பத்து மணிக்கு அங்கே இருப்பது எந்த ரகம் என்று நான் அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்குள் என் ஆபீசுக்கு வந்து நீங்களே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அறிக்கையோடு சட்டையும் போகும்.

இப்படிக்கு,
உங்கள் சட்டையை இன்னும் துவைக்காதவள்