மார்ட்டின் படம் இருந்த ஆணி

2.2.2025, ஞாயிறு
பூசையிலிருந்து வந்ததும் என் அறைப் படங்களைத் துடைத்தேன். பெரிய பேத்தி பிரிஸ்கில்லா, கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் நர்சு, வெள்ளை உடுப்பில். சின்னவள் மெரின், பிளஸ் டூவில் பள்ளிக்கே முதல், கோப்பையோடு. பேரன் மார்ட்டின், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன், 'கிளவுட்' பரீட்சை தேறிய சான்றிதழைப் பிடித்துக்கொண்டு நேரு வீதி ஸ்டூடியோவில் எடுத்தது. ஐந்தாவதோடு நின்றவளின் சுவர் இது. கண் பட்டுவிடக் கூடாது.

11.2, செவ்வாய்
மார்ட்டினின் அந்தச் சான்றிதழ் மூன்று வருடம்தான் செல்லுமாம். முடிந்துவிட்டது. இந்த மாதத்துக்குள் மறுபடி எழுதித் தேறாவிட்டால் வேலையில் வைத்துக்கொள்ள மாட்டார்களாம். நான் படித்த ஐந்தாவது இன்னும் செல்லுதே என்றேன்.
"உன்னுத யாரு ஆயா கேக்கப் போறா?" சிரித்தான். ஆனால் சோற்றைத் தொடவில்லை.

21.2, வெள்ளி
நாளை பரீட்சை, வீட்டிலேயே. எங்கிருந்தோ ஒருவர் கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பாராம். கதவு சாத்திய அறை வேண்டும், சுவரில் ஒன்றும் இருக்கக் கூடாது. என் அறையைக் கொடுத்தேன். எல்லாப் படத்தையும் கழற்றினேன், செத்துப்போன என் வீட்டுக்காரர் படத்தையும்.
"தாத்தா பிட்டு குடுத்துடுவாருன்னு பயம் ஆயா," என்றாள் மெரின்.

22.2, சனி
மிக்சி போடவில்லை. காலிங்பெல் ஒயரைப் பிடுங்கி வைத்தேன். கதவுக்கு வெளியே பாயில் உட்கார்ந்து செபமாலை சொன்னேன். வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்குச் செபம். மூன்றாம் பத்து முடியவில்லை, கதவு திறந்தது.
"முடிச்சிட்டியாடா?"
"நிறுத்திட்டாங்க ஆயா."
இன்னொரு குரல் கேட்கிறதாம். யாரோ விடை சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று எழுதிவிட்டார்களாம்.
என் குரல்.
மாதாவே, நான் என்னத்தப் பண்ணிட்டேன்?

23.2, ஞாயிறு
பூசைக்குப் போகல.

25.2, செவ்வாய்
"செபந்தான் சொன்னேன்னு நான் வந்து சொல்றண்டா. எங்க இருக்கு அந்த ஆபீசு?"
"ஆபீசுலாம் கெடையாது ஆயா. மெயில்தான்."
விசாரித்து முடித்த பிறகுதான் மறு பரீட்சையாம். அதற்குள் மாதம் முடிந்துவிடும். ஒரு வார்த்தை திட்டினால் தேவலை. திட்ட மாட்டேன் என்கிறான்.

3.3, திங்கள்
வேலை போய்விட்டது. "ஆறு வருஷமா பாத்த வேலைக்கி அந்த ஒரு காயிதந்தான் சாட்சியா?" என்று கத்தினான் என் மகன் அமலநாதன், மார்ட்டினின் அப்பா.
படங்களைத் திரும்ப மாட்டினேன். "என்னுத வேணாம் ஆயா." கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஆணி மட்டும் நிற்கிறது.

20.4, ஈஸ்டர்
மார்ட்டின் வரவில்லை. சென்னையில் ஒரு கிடங்கில் ஊர்வாரியாகப் பார்சல் பிரிக்கிறான். பெருநாளுக்கும் லீவு இல்லையாம். போனில் பேசுகிறான், முகம் காட்ட மாட்டேன் என்கிறான். செபமாலையை இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்கிறேன்.
மெரினை விட்டு அவனுக்குப் போனில் எழுதவைத்தேன்: மார்ட்டினு, புதுசா ஒரு போட்டோ எடுத்து ஆயாவுக்குத் தபால்ல போடுப்பா. கையில ஒண்ணும் புடிச்சிக்க வேணாம். ஒன் மூஞ்சி தெரிஞ்சாப் போதும்.