டாக்டர் பிள்ளைகளுக்கு அப்பா போட்ட மார்க்

அன்பு மகள் உமாராணிக்கு,

அப்பா அல் கூஸ் தொழிலாளர் கேம்பிலிருந்து எழுதிக்கொள்வது. அய்யனார் புண்ணியத்தில் எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, மதுரையில் நீயும் அம்மாவும் அதேபோல இருக்க வேண்டும் என்பதே தினமும் என் வேண்டுதல். ஆறு மாதமாக நான் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, நீ போன் செய்தபோதெல்லாம் டியூட்டி என்று வைத்துவிட்டேன். டியூட்டியும் இல்லை ஒன்றும் இல்லை, கோபம்தான் பாப்பா. எம்.பி.பி.எஸ். முடித்த பிள்ளை மேற்படிப்புக்கு மனநல மருத்துவம்தான் எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாய், பைத்தியக்கார டாக்டர் ஆகவா உன்னைப் படிக்க வைத்தேன், ரேடியாலஜி எழுது, ஊரில் நாலு பேரிடம் சொல்ல வேண்டாமா என்று நான் கத்தினேன். அன்றைக்கு நீ, எலும்புக்கும் ஈரலுக்கும் மாசக்கணக்குல படிக்கிறோம்ப்பா, மனசுக்கு மட்டும் விருந்துக்குப் போற மாதிரி சில வாரம் போயிட்டு வர்றோம் என்றாய். அது அப்போது என் காதில் ஏறவில்லை. இப்போது ஏறிவிட்டது. எப்படி என்று போனில் சொன்னால் நடுவில் நீ சிரிப்பாய், எனக்கு மறுபடி கோபம் வரும், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கேம்ப் பாஸ் என்று பேர்தான், இருநூற்றுச் சொச்சம் ஆட்களின் ரூம், சாப்பாடு, கிளினிக் எல்லாம் என் தலையில். இங்கே ஒரு மருத்துவக் கல்லூரியில் மனதையும் நடத்தையையும் பற்றிய பாடத்தை முதல் வருஷத்திலிருந்தே கட்டாயமாக்கியிருக்கிறார்கள். அதற்காக நாலு மாதத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை எங்கள் கேம்புக்கு அனுப்பினார்கள். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, ஒரு தொழிலாளியின் எதிரில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்க வேண்டும், அதுதான் பாடம். இது என்ன படிப்பு என்று நான் மெஸ்ஸில் உட்கார்ந்து நக்கலடித்தேன். தமிழ் ஆட்கள் சொல்வதை இந்தியில் மாற்றிச் சொல்வது என் வேலை. பாலகுரு என்று அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆள், கம்பி கட்டுவதில் கெட்டிக்காரர், ரெண்டு மாதமாக நெஞ்சு அடைக்கிறது என்று கிளினிக்குக்கு அலைந்துகொண்டிருந்தார். ஈசிஜி நாலு தடவை எடுத்தார்கள், நாலும் சுத்தம். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான், இன்னொரு தடவை லீவு கேட்டால் விசா கேன்சல் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். பாலகுருவின் எதிரில் ஹாலிதா என்று ஒரு மாணவி வந்து உட்கார்ந்தாள், ஹைதராபாத் குடும்பம், பிறந்து வளர்ந்தது ஷார்ஜா, உன்னைவிட நாலைந்து வயது சின்னவள்.

பாலகுரு ஐந்து நிமிஷம் பேசினார். நான் திரும்பி, கேஸ் டிரபிள் என்றேன். இதுதான் பாப்பா என் வழக்கம். பதினோரு வருஷமாக எந்த ஆள் தூக்கம் வரவில்லை என்றாலும், அழுகை வருகிறது என்றாலும் டாக்டரிடம் நான் சொன்னது கேஸ் டிரபிள்தான். ஃபைலில் மென்டல் என்று ஏறிவிட்டால் கலாஸ், கதை முடிந்தது, டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம், ஆளைக் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பு. அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு, பாய், அவர் இவ்வளவு நேரம் பேசினாரே, நீங்கள் ரெண்டே வார்த்தையில் முடித்துவிட்டீர்களே என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இங்கே பேசுவது எதுவும் கம்பெனிக்குப் போகாது, ஒவ்வொரு வரியாகச் சொல்லுங்கள், அவர் சொல்கிறார் என்று சொல்லாதீர்கள், அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே நான் என்று சொல்லுங்கள், அதுதான் மொழிபெயர்ப்பவருக்கு முறை என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள் என்றாள்.

சரி என்று ஆரம்பித்தேன். என் கூட்டாளி விஜி என் கண் முன்னால் சாரத்திலிருந்து விழுந்தான் என்றேன். அவன் பிழைத்து ஊருக்குப் போய்விட்டான், ஆனால் ஏணியில் கால் வைத்தால் எனக்கு அந்தச் சத்தம் கேட்கிறது என்றேன். கை நடுங்குகிறது, நெஞ்சு அடைக்கிறது, இதோ சாகப்போகிறேன் என்று தோன்றுகிறது, வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். கடைசியில் முஜே டர் லக்தா ஹை என்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்கிற அந்த ஒரு வார்த்தை இத்தனை வயதில் எந்தப் பாஷையிலும் என் வாயிலிருந்து வந்ததில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பாலகுரு எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து, குடிங்கண்ணே, நான் சொன்னதத்தான் சொன்னீக, ஒண்ணும் விடல என்றார். நோயாளி மொழிபெயர்ப்பாளருக்குத் தண்ணீர் கொடுத்த கூத்து எங்கேயாவது உண்டா?

பாலகுருவின் சம்மதத்தோடு ஹாலிதா தன் பேராசிரியரிடம் சொன்னாள், அவர் மனநல டாக்டர். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, விபத்தைப் பார்த்த பயம் உள்ளே தங்கிவிட்டது, குணமாகும் என்றார். மாத்திரை, வாரம் ஒரு நாள் பேச்சு, மூன்று மாதம் தரையில் மட்டும் வேலை என்று கடிதம் தந்தார். சூப்பர்வைசர் முறைத்தார். நான் மேனேஜர் ரூமுக்குப் போய், இவனை அனுப்பினால் என்னையும் அனுப்புங்கள் என்று நின்றேன். மேனேஜர் ஒரு வாரம் யோசித்து ஒத்துக்கொண்டார். பாலகுரு மறுபடி மேலே ஏறட்டும், அப்புறம் மகளிடம் தோற்றுப்போகலாம் என்று மனதுக்குள் பந்தயம் கட்டிக்கொண்டேன். முதலில் ரெண்டு படி, பிறகு ஒரு மாடி, நடுவில் ஒரு தடவை வேர்த்து இறங்கிவிட்டார், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை வீடியோ காலில் வந்தார். பெல்ட் மாட்டி ஏழாவது மாடியில் நின்றுகொண்டு, அண்ணே, கையப் பாருங்க என்று நீட்டினார். ஆடவே இல்லை பாப்பா! நான் போட்ட சத்தத்தில் மெஸ் சமையல்காரர் அஸீம் கரண்டியோடு ஓடி வந்தார்.

இன்னொரு கதை கேள். போன மாதம் அந்தக் கல்லூரியில் பரீட்சை, நோயாளியிடம் பேசும் பரீட்சை. நோயாளி சொன்னதை முழுதாகக் கேட்டார்களா என்று மொழிபெயர்ப்பவரும் மார்க் போட வேண்டுமாம், எட்டாங்கிளாஸ் தாண்டாத உன் அப்பனை ஏசி ரூமில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். வகுப்பிலேயே முதல் மாணவனாம், ஒரு பையன் நோயின் பேரெல்லாம் சரசரவென்று சொன்னான், ஆனால் ஆள் பேசும்போது கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். தைரியமாக முட்டை போட்டேன். பேராசிரியர் என் தாளைப் பார்த்துவிட்டு, வீரபாண்டி சொன்னால் சரிதான் என்று அவனுக்கு மறுபடி பரீட்சை வைத்தார், ரெண்டாம் தடவை நன்றாகவே கேட்டான், பத்துக்கு எட்டு கொடுத்தேன்.

ஆக, நான் தோற்றேன், இவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் ஜெயித்ததுகூட இல்லை. கவுன்சலிங் பட்டியலில் முதல் இடத்தில் மனநல மருத்துவத்தை எழுது, ரேடியாலஜியை அடித்துவிடு. உன் பெரியப்பா ஏதாவது சொன்னால் எனக்குப் போன் போடச் சொல், இந்தத் தடவை நான் டியூட்டியில் இருக்க மாட்டேன். இருபதாம் தேதி கடைசி நாள் என்று அம்மா சொன்னாள், மறந்துவிடாதே, வேளைக்குச் சாப்பிடு. நீ தொட்டதெல்லாம் துலங்கும், நூறு வருஷம் நன்றாயிரு.

கடைசியாக ஒன்று. இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று வாசலிலேயே நிற்கிறாரே, அவர்தான் பாலகுரு. லீவில் வந்திருக்கிறார், தன் பேரைப் போட்டே எழுதச் சொன்னதும் அவர்தான். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடு. அவர் பேச ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தாதே, நடுவில் நான் இல்லாமல் தமிழிலேயே சொல்வார்.

இப்படிக்கு,
மனநல டாக்டர் உமாராணியின் அப்பா
வீரபாண்டி