சுவர்ணாவுக்குக் கொடுக்காத புத்தகங்கள்

8 ஆகஸ்ட் 2025

நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் விடுமுறை தொடங்கிவிட்டது. நாளைய உலகம் எப்படி நரகமாகும் என்று சொல்கிற நாவல்களாகப் பார்த்துச் சேர்த்து வைத்திருக்கிறேன். வெளியே சோளகக் காற்று புழுதியை வாரி இறைக்கிறது. புத்தகத்துக்குள் ஒரு நகரத்தைச் சுற்றி மதில் கட்டிச் சனத்தைப் பட்டினி போடுகிறார்கள். எனக்கென்ன குறை!

9 ஆகஸ்ட்

வாசித்ததைத் தலையணை உறைக்குள் ஒளித்தேன். தங்கச்சி சுவர்ணாவின் கண்ணில் படக்கூடாது. 2009இல் வன்னிப் போரில் மகன் பிரணவனைப் பறிகொடுத்து, முகாமிலிருந்து எங்களிடம் வந்தவள். அவன் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. டிவியில் வெடிச்சத்தம் கேட்டாலே என் கணவர் சனலை மாற்றிவிடுவார். அவளுக்கு நான் வாங்கிக் கொடுப்பது சமையல் புத்தகம்தான்.

11 ஆகஸ்ட்

இந்தக் கதைகள் ஏன் எனக்குப் பிடிக்கின்றன? பயமாக இருந்தால் மூடி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம். அவர்கள் கற்பனை செய்து எழுதுகிற எதிர்காலம் எங்களில் பாதிப்பேருக்கு முடிந்துபோன காலம். நான் இங்கே புத்தூரில் சோறு தின்றுகொண்டிருந்தபோது அவள் அங்கே — சரி, விடு.

12 ஆகஸ்ட்

மிளகாய் காயவைத்தோம். வாசிக்கவில்லை.

13 ஆகஸ்ட்

பிடிபட்டுவிட்டேன். சுவர்ணா தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்: "அக்கா, அந்த மதில் கதையை இன்னும் முடிக்கேல்லையோ? நான் முடிச்சிட்டன்."

நான் ஒளிப்பதையெல்லாம் இரண்டு வருடமாக எடுத்து வாசிக்கிறாளாம்! கள்ளி.

"மனம் கஷ்டப்படேல்லையோ?"

"எனக்கேன்? உந்தக் கதை எழுதின ஆளுக்கு பங்கர்க் குழி வெட்டத் தெரியாது. ஒரு மழைக்கு உள்ளை இருக்கேலாது."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு சொன்னாள்: "உதிலை வாற தாய் கஞ்சி லைனிலை தானே போய் நிக்கிறா. நாங்கள் பிள்ளையளைத்தான் விட்டனாங்கள். சின்னப்பிள்ளையளுக்கு முதல் குடுப்பினம்." துருவுவதை நிறுத்தினாள். "பிரணவனை நான்தான் அனுப்பினன், அக்கா."

பதினாறு வருடம். செல் குண்டு விழுந்து போனான் என்பதற்கு மேல், அது கஞ்சி வரிசையில் என்பதுகூட, எனக்குத் தெரியாது. அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். எங்கிருந்து வந்ததோ, "என்ன சட்டை போட்டிருந்தவன்?" என்று கேட்டேன்.

"நீலம். ஒரு பொத்தான் இல்லை."

"ஏனடி இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லையே."

அவளுக்காகத்தான் ஒளித்தேன் என்று நினைத்திருந்தேன். பொய். கேட்க எனக்குத்தான் பயம்.

14 ஆகஸ்ட்

காலையிலிருந்து மத்தியானம் வரை கதைத்தாள். அவள் சொன்னது அவளுடையது, இங்கே எழுதமாட்டேன். உலை வைக்க மறந்துவிட்டோம். இவர் ஒன்றும் கேட்காமல் கடையில் பாண் வாங்கி வந்தார்.

16 ஆகஸ்ட்

பிரணவனின் படம் ஒன்று என் அலுமாரியில் இருந்தது, முன்பள்ளியில் எடுத்தது. அவளிடம் வேறு படம் இல்லை என்று தெரிந்தும் இத்தனை வருடம் கொடுக்காமல் வைத்திருந்தேன். நேற்றுக் கொடுத்தேன்.

இன்று இருவருமாக நெல்லியடிக்குப் போய்ச் சட்டம் போடக் கொடுத்தோம். படத்துக்குக் கீழே எழுதப் பிறந்த திகதி, இறந்த திகதி வேணும் என்றார் கடைக்காரர். நான் வாயெடுக்க முன் சுவர்ணா இரண்டையும் சொன்னாள். அவர் எழுதியதைத் திருப்பி வாங்கிச் சரிபார்த்தும் கொடுத்தாள்.