வெண்ணிலா இடது கையால் தட்டிய புகாரை வாங்க மறுத்தது பற்றி

அனுப்புநர்:
ஆ. ஜெசிந்தா (வயது 46),
க/பெ. ஆரோக்கியராஜ்,
இட்லிக் கடை, மயிலம் சாலை,
கூட்டேரிப்பட்டு, விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: கணினி வகுப்பில் வெண்ணிலா என்பவரை அவர் கணவர் வல்லரசு கொல்ல முயன்றது – வெண்ணிலாவின் புகார் ஏற்கப்படாதது – வழக்குப் பதிந்து பாதுகாப்பு அளிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வல்லரசு என்பவரை இரும்பு ஸ்டூலால் அடித்துத் தோள்பட்டை எலும்பை முறித்தவள் நான்தான். அதற்காக என்மீது வழக்கு உள்ளது. அதை ரத்து செய்யக் கேட்டு இதை எழுதவில்லை. ஏன் அடித்தேன் என்பது எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

2. திண்டிவனத்தில் ஒரு தனியார் மையத்தில் பெண்களுக்கு மதிய வேளையில் கணினி அடிப்படை சொல்லித் தருகிறார்கள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் "ஆன்லைன்ல போட்டுக்கினு வாம்மா" என்று திருப்பி அனுப்புவதால், மதியம் கடையைச் சாத்திவிட்டு நானும் சேர்ந்தேன். ஒரு கணினிக்கு இருவர். என்னோடு உட்கார்ந்தவர் வெண்ணிலா, வயது 24, பத்தாவது படித்தவர். விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். நான் மவுஸைத் தொட்டால் அம்புக்குறி எங்கோ ஓடும். வெண்ணிலா என் கைமேல் கை வைத்து, "மெதுவாக்கா, மாடா ஓட்றீங்க?" என்று சிரிப்பார். தன் பெயரைத் தமிழில் முதன்முதலாக அடித்த அன்று, அதை அழிக்க மனமில்லாமல் வகுப்பு முடியும்வரை திரையிலேயே விட்டு வைத்திருந்தார்.

3. வல்லரசுக்கு இது பிடிக்கவில்லை. மனைவி கம்ப்யூட்டரில் யாரோடோ பேசுகிறாள் என்று சந்தேகம். கன்னம் வீங்கிய நிலையிலும் வெண்ணிலா வகுப்புக்கு வந்ததுண்டு. நான் கேட்டால், "அத்த வுடுக்கா, 'ழ' எங்க கீதுன்னு சொல்லு" என்பார்.

4. சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை (30.07.2024) வல்லரசு வகுப்புக்குள் புகுந்து, பின்னாலிருந்து வெண்ணிலாவின் கூந்தலைப் பிடித்து முகத்தைத் திரையில் மோதினார். திரை விரிசல் விட்டது. மூக்கிலிருந்து ரத்தம் கீபோர்டில் கொட்டியது. "எவங்கிட்டடி பேசிக்கினு கீற? காட்டுடி!" என்று கத்தினார். திரையில் இருந்தது அரிசி, பருப்பு, எண்ணெய் என்று பயிற்சிக்காக அடித்த பட்டியல். வெண்ணிலாவைக் கீழே தள்ளி வலது மணிக்கட்டைக் காலால் மிதித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு மவுஸ் வயரைப் பிடுங்கி அவர் கழுத்தில் சுற்றி இறுக்கினார். தடுக்கப் போன ஆசிரியை கலைமதியைச் சுவரில் தள்ளினார். மற்றவர்கள் வெளியே ஓடிவிட்டார்கள். தரையில் உதைத்துக்கொண்டிருந்த வெண்ணிலாவின் கால்கள் நின்றுபோயின. அப்போதுதான் ஸ்டூலை எடுத்தேன். முதல் அடிக்கு வயரை விடவில்லை. இரண்டாவது அடிக்கு விட்டார். மூன்றாவதாகவும் அடித்தேன். அது தேவையற்றதுதான். மறைக்க விரும்பவில்லை.

5. வல்லரசு மருத்துவமனையில் படுத்தபடி வாயால் சொன்ன புகாரில் அன்றே என்மீது வழக்குப் பதிவானது. வெண்ணிலாவுக்குக் குரல்வளை நசுங்கி இன்றுவரை பேச்சு வரவில்லை. வலது கையில் மாவுக்கட்டு, எழுதவும் முடியாது. எனவே கலைமதி தன் மடிக்கணினியை மருத்துவமனைக் கட்டிலில் வைத்துக் கொடுத்தார். வெண்ணிலா இடது கையின் ஒற்றை விரலால், ஒரு காலைப்பொழுது முழுவதும் தட்டி, அரைப்பக்கப் புகாரை அடித்து முடித்தார். இடையில் அழுதார், முகத்தைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். நாங்கள் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. எழுத்துப் பிழைகளைக்கூடத் திருத்தவில்லை.

6. அதைக் காவல் நிலையத்தில் கொடுத்தபோது ஆய்வாளர், "இது எவனோ வக்கீலு அடிச்சது. பேச்சு வந்ததும் அவளயே வரச் சொல்லு. புருசன் பொண்டாட்டி சண்டையில நீ ஏம்மா பூந்த?" என்று திருப்பித் தந்தார். மனு ரசீதும் இல்லை. வீடு திரும்பிவிட்ட வல்லரசு, தோள்கட்டோடு தினமும் வெண்ணிலாவின் வார்டு வாசலில் வந்து நிற்கிறார். நேற்று என்னைப் பார்த்து, "இன்னொரு கை கீதுல்ல அவளுக்கு?" என்றார்.

7. வெண்ணிலாவின் புகாரையும், காவல் நிலையத்தின் பெயரையும் தனித்தாள்களில் இணைத்துள்ளேன். அவர்தான் அடித்தாரா என்ற ஐயம் தங்களுக்கும் எழுந்தால், ஒரு பெண் காவலரை வார்டுக்கு அனுப்புங்கள். அவர் எதிரிலேயே வெண்ணிலா அடித்துக் காட்டுவார். நேரமாகும், பொறுத்திருக்கச் சொல்லுங்கள். வல்லரசு மீது கொலை முயற்சி வழக்குப் பதிந்து கைது செய்யவும், வார்டுக்குக் காவல் போடவும் ஆணையிட வேண்டுகிறேன். என் வழக்குக்கு நான் நீதிமன்றத்தில் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஐயா, இன்று முதல் கடையைத் திறக்காமல் அந்த வார்டு வாசலில் உட்காரப் போகிறேன். வல்லரசு அதைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் நான் சும்மா இருக்கமாட்டேன். அதற்கு முன்பே தங்கள் காவலர்கள் வந்து சேரும்படி செய்யுங்கள்.

நாள்: 07.08.2024
இடம்: விழுப்புரம்

இங்ஙனம்,
(ஒப்பம்) ஆ. ஜெசிந்தா