அண்ணன் போட்ட கையெழுத்து

திருவொற்றியூர்
8.2.2009

என் ஆசை அண்ணனுக்கு,

நீ கொடுத்தனுப்பிய சோப்பும் தைலமும் வந்தன. ஒரு வரி எழுத மட்டும் உனக்கு நேரம் இல்லை, மஸ்கட் மீனுக்கு அவ்வளவு ருசியா?

என் வீட்டுக்காரர் தாமோதரன் இனி இந்த வீட்டு வாசப்படியை மிதிக்கக்கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டுவிட்டார். மீறினால் கைது. விலாவில் வாங்கிய உதைக்கு இப்போதாவது கேள்வி வந்ததே என்று அழுதுவிட்டேன். நகலை ஸ்டேஷனில் கொடுத்தால், இன்ஸ்பெக்டர் அதை நம் குப்பத்துப் பெரியவர்களிடம் கொடுத்துவிட்டு, "ஊர்ல பேசி முடிச்சிக்கோம்மா" என்கிறார். ஊரைக் கேட்காமல் போலீசுக்குப் போனேன் என்று பெரியவர்களுக்கு என்மேல்தான் கோபம். போங்கய்யா என்று வந்துவிட்டேன். நீ ஒருத்தன் என் பக்கம் இருந்தால் போதும்.

உன் தங்கச்சி
சினேகா

மஸ்கட்
3.3.2009

பாசமுள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் படித்துச் சோறு இறங்கவில்லை. ஆனால் நம் படகைக் கடலில் இறக்கக்கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு போட்டிருப்பதாகப் பெரியவர் சுயம்பு போனில் சொன்னார். அம்மா அந்தப் படகை நம்பித்தானே சாப்பிடுகிறாள்? தாமோதரனும் திருந்திவிட்டதாக அழுதான். அதனால் குடும்பத்துக்கு மூத்தவன் என்ற முறையில், சமாதானமாகிவிட்டோம், புகார் வேண்டாம் என்று உன் சார்பில் கையெழுத்துப் போட்டு இன்ஸ்பெக்டருக்கு அனுப்பிவிட்டேன். இதை உன்னிடம் போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. கோபப்படாதே. கொஞ்சம் அனுசரித்துப் போம்மா.

அண்ணன்
ரஞ்சித்

திருவொற்றியூர்
12.4.2009

அண்ணனுக்கு,

ஆசை என்று எழுத இந்த முறை மனம் வரவில்லை.

நீ எழுதிக் கொடுத்தது தெரிந்ததும் அவன் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். என் இடது கை முறிந்தது. மாவுக்கட்டோடு ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் உன் கடிதத்தை ஆட்டிக் காட்டி, "உங்க அண்ணனே வேணாம்னு எழுதிட்டாரு, அப்புறம் என்னம்மா?" என்றார். எனக்கு வந்ததே கோபம்!

"இன்னா சார், ஒதை வாங்கினது எங்க அண்ணனா? அது மஸ்கட்ல கீது. கை ஒடஞ்சது எனுக்கு. அண்ணன் சொன்னா கேப்பே, கோர்ட்டு சொன்னா கேக்க மாட்டியா?"

ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

மறுநாளே வக்கீலம்மா ஷம்ஷாத்தோடு கோர்ட்டுக்குப் போனேன். உத்தரவு இருக்கும்போது ஏன் கைது செய்யவில்லை என்று மாஜிஸ்திரேட் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுக் கேட்டார். சாயங்காலமே தாமோதரனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். படகு கரையில்தான் கிடக்கிறது, கிடக்கட்டும். காசிமேட்டில் மீன் எடுத்து, ஒரு கையால் விற்று, அம்மாவுக்கு நான் சோறு போடுகிறேன்.

உன் கடிதம் இப்போது கேஸ் கட்டில் இருக்கிறது. லீவில் வந்தால் உன்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்களாம். கையெழுத்துப் போடும் முன் தங்கச்சியை ஒரு வார்த்தை கேட்டாயா என்று விசாரிப்பார்கள். கூண்டில் ஏறி உண்மையைச் சொல், அண்ணா. நான் எதிரேதான் நிற்பேன்.

சினேகா