கசெற்றில் ஓர் இடைவெளி

மச்சான்,

இது இப்படித்தான் முடியும் என்று முதல் நாளே சொன்னவன் நான். "உந்தக் கசெற்றை வீட்டுக்கை கொண்டுபோகாதை, அது ஆளை விடாது" என்று கோப்பாய்ச் சந்தியில் நின்று சொன்னேன். நாலு சாட்சிகள் இருந்தார்கள். என்ன, இரண்டு பேர் செத்துவிட்டார்கள், மற்ற இருவரும் கனடாவில்.

இன்று காலை சைக்கிள் கடையில் என் டைனமோவைச் சுழற்றிப் பார்த்தார்கள். ரயரில் உரசிச் சூடான ரப்பர் மணம். நீ பக்கத்தில் குந்தியிருப்பது போலிருந்தது. சற்று விலகி இடம்கூட விட்டேன்.

உன் தம்பி பாரிசில் காணாமல் போனான். ஆற்றங்கரையில் சப்பாத்துகள் மட்டும் கிடைத்தன என்று அவனோடு அறையில் இருந்தவர் எழுதியிருந்தார். மூன்றாம் நாள் வீட்டுக்காரக் கிழவியும் அவளுடைய புருஷனும் அந்த அறைக்கு வந்து ஏதோ கதைத்திருக்கிறார்கள். தனக்குப் பாஷை விளங்காததால் அதைக் கசெற்றில் பதிந்து உனக்கு அனுப்பினார். நீ பிரெஞ்சு படித்தவன் அல்லவா?

நீ படித்தது புத்தகப் பிரெஞ்சு. கசெற்றில் ஒரு வசனமும் பிடிபடவில்லை. நான் வல்வெட்டித்துறையிலிருந்து காரைக்காலுக்குக் கப்பலோடியவன், கப்பித்தானோடு மூன்று மாதம் பிரெஞ்சிலேயே சண்டை பிடித்தவன், நான் சொல்கிறேன் என்றேன். "எட்டாம் வகுப்பை மூண்டு தரம் சுத்தினனீ, இப்ப பெடலைச் சுத்து" என்றாய்.

சுற்றினேன். சண்டையால் ஊரில் கரண்ட் இல்லை, பற்றரி கொண்டுவரவும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோ கசெற்றை ஓட்டும். ஒரு வசனம் ஓடியதும் நிறுத்துவாய். ஒவ்வொரு சொல்லையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பாயில் பரப்புவாய். எது முன்னுக்கு நிற்கிறது, எது பின்னுக்குப் போகிறது, எதை விழுங்கிவிடுகிறார்கள் என்று பார்ப்பாய். என் கை தளர்ந்தால் கிழவியின் குரல் தடித்து ஆண்குரலாகிவிடும். அது உன் தம்பியின் குரல் போலிருக்கும், இருவருக்கும் தெரியும். நான் வேகமாகச் சுற்றத் தொடங்குவேன்.

எட்டு மாதத்தில் பதினொரு கொப்பி எழுதி நிரப்பினாய். நான் ஊரில் இருபத்தைந்து என்று சொல்லிவைத்திருக்கிறேன், நீ மறுக்காதே. ஒருநாள் மத்தியானம் தலை நிமிர்ந்து சொன்னாய்: "கதைக்கேக்கை பிரெஞ்சுக்காரர் முதல்லை ஆளைக் கொண்டந்து நிப்பாட்டினம். பிறகுதான் அவனைப்பற்றிக் கேக்கினம்." கிழவியின் கடைசி வசனம் அப்படித்தான் இருந்தது. சின்னவன், அவன் எங்கே? அதன்பிறகு நாலு விநாடி ஒன்றுமில்லை. பிறகு கிழவர் மெல்லச் சிரிக்கிறார், யாரோ பதில் சொன்னது போல.

அன்றிலிருந்து அந்த வசனம் ஓடும்போதெல்லாம் நீ வாசலைப் பார்ப்பாய். நானும் பார்ப்பேன்.

உன் அம்மா, என் மாமி, அறை வாசலில் வந்து நின்றா. "எனக்கு உந்தப் பாஷை வேண்டாம் தம்பி. அந்தியேட்டிக் கிரியையைச் செய்து அவனுக்கு எள்ளும் தண்ணியும் இறைச்சுவிடு. பிள்ளை தாகத்தோடை அலையிறான்" என்றா. விளங்காமல் செய்யமாட்டேன் என்றாய். உயிரோடு இருப்பவனுக்கு எள்ளிறைத்தால் அவன் எந்த வீட்டுக்குத் திரும்பி வருவான் என்று கேட்டாய். மாமி போனதும் அந்த நாலு விநாடியை மறுபடி ஓடவிட்டாய். உன் உதடு வெளுத்திருந்தது.

"இஞ்சை நிக்கிறன் எண்டு சொல்லுறான். உனக்குக் கேட்டதோ?"

"ஓம் மச்சான், கேட்டது. அவன்ரை குரல்தான்."

அந்தியேட்டி நடக்கவில்லை. நாங்கள் கேட்டதைச் சொல்ல, மாமி அன்றே அவனுக்கும் ஒரு கோப்பையில் சோறு போடத் தொடங்கினா. ஒருநாள் அந்தச் சோற்றில் ஐந்து விரலும் பதிந்திருந்தது, பார்த்தவன் நான். சரி, மூன்று விரல். போன மாசியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன அன்றும் வாசலைப் பார்த்தபடியே கிடந்தாய். உனக்குச் செய்யவேண்டிய எல்லாவற்றையும் முறையாகச் செய்தோம். உன் தம்பிக்கு இன்னும் ஒன்றும் செய்யவில்லை. மாமி இன்றும் சோறு போடுகிறா. "நீயும் கேட்டனீதானே தம்பி?" என்று என்னைப் பார்த்தால் கேட்கிறா. ஓம் என்கிறேன்.

உனக்கு மட்டும் எழுதுகிறேன். அந்த நாலு விநாடியில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, மச்சான். நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.